சின்ன விமானங்களில் ஆயில் பிரஷர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பயிற்சியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மாணவர்கள் கேட்க ஆரம்பிக்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் செஸ்னா 172-ஐ வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் முதலில் உட்காருவது அதில்தான். நடுநடுவே மற்ற இன்ஜின்களும் வரும். நீங்கள் ஓட்டும் விமானத்தின் பிஓஎச் (பைலட்டுக்கான இயக்கக் கையேடு) வேறு எண் சொன்னால் அதுவே செல்லும், இங்கே இருப்பது அல்ல.

நேராகச் சொல்லுங்கள், எத்தனை பிஎஸ்ஐ இருந்தால் நார்மல்?

பழைய பயிற்சி விமானங்களில் உள்ள லைகமிங் இன்ஜின் என்றால், சூடேறிய பிறகு க்ரூஸில், அதாவது நிலையாகப் பறக்கும்போது, 60 முதல் 90 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்). ஐடிலில் (த்ராட்டிலை முழுக்கக் குறைத்து இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது) 25-க்குக் கீழே போகக் கூடாது. செஸ்னா 150-ல் இருக்கும் கான்டினென்டல் ஓ-200 என்றால் 30 முதல் 60. ஐடிலில் 10 இருந்தால் போதும். ரோட்டாக்ஸ் 912-க்கு 3,500 ஆர்பிஎம்முக்கு மேலே 2 முதல் 5 பார், அதாவது ஏறக்குறைய 29 முதல் 73 பிஎஸ்ஐ. அதற்குக் கீழே குறைந்தது 0.8 பார்.

இதை மனப்பாடம் செய்தால் தேர்வுக்குப் போதும், காக்பிட்டுக்குப் போதாது. எப்போதும் 65 காட்டும் லைகமிங்கில் இன்றைக்கும் 65 என்றால் கவலையே இல்லை. எப்போதும் 82 காட்டுகிற இன்ஜின் இன்றைக்கு 65 காட்டினால், முள் கேஜின் பச்சைக் கோட்டுக்குள்ளேயே (நார்மல் வரம்பு) நின்றாலும் ஏதோ நடந்திருக்கிறது.

172-க்கு ஒரு புத்தகத்தில் 30–60, இன்னொன்றில் 60–90, மூன்றாவதில் 50–90 என்று போட்டிருக்கிறதே. எது சரி?

மூன்றும் சரி. 172 என்பது விமானத்தின் பெயர். உள்ளே இருக்கும் இன்ஜின் காலத்துக்குக் காலம் மாறிவிட்டது. 1956-ல் விற்பனைக்கு வந்த முதல் 172-ல் இருந்தது கான்டினென்டல் ஓ-300: ஆறு சிலிண்டர், 145 குதிரைத்திறன். அதன் பச்சைக் கோடு 30 முதல் 60. 1968 மாடலில் செஸ்னா லைகமிங் ஓ-320-க்கு மாறியது: நான்கு சிலிண்டர், 150 குதிரைத்திறன். அன்றிலிருந்து 60–90. 1986-ல் செஸ்னா தன் சின்ன பிஸ்டன் விமானங்களின் தயாரிப்பை நிறுத்தி, பத்து வருடம் கழித்துத்தான் மறுபடி ஆரம்பித்தது. பிறகு வந்த 172எஸ்-ல் 180 குதிரைத்திறன் லைகமிங் ஐஓ-360-எல்2ஏ. அதில் பச்சை 50–90, கீழ்ச் சிவப்புக் கோடு (இதற்குக் கீழே போகக் கூடாது) 20, மேல்ச் சிவப்பு (இதற்கு மேலே போகக் கூடாது) 115. எழுபதுகளின் கடைசியில் வந்த 172என்-ல் கீழ்ச் சிவப்பு 25, மேலே 100.

ஒரே பயிற்சிப் பள்ளியில் 172என் ஒன்றும் 172எஸ் ஒன்றும் நிற்பது சகஜம். காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்று ஓட்டும் மாணவருக்கு எண்கள் குழம்பத்தான் செய்யும். கேஜில் வரைந்திருக்கும் கோட்டைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அந்த முள் உண்மையில் எதைக் காட்டுகிறது?

லைகமிங்கில் இன்ஜினின் பின்பக்கம், ஆக்சசரி கேஸுக்குள், இரண்டு பல்சக்கரங்கள் கொண்ட பம்ப் ஒன்று இருக்கிறது. இன்ஜின் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று சம்ப் என்கிற அடித்தொட்டியிலிருந்து ஆயிலை உறிஞ்சித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ஆயில் கூலர், ஃபில்டர் வழியாகப் போய், கேலரி என்கிற துளைப்பாதைகளில் நுழைந்து, மெயின் பேரிங், கேம்ஷாஃப்ட், டேப்பெட் என்று பிரிந்து, ஓரங்களில் கசிந்து மறுபடி சம்ப்புக்கே வந்து சேர்கிறது. பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து, ஒரு அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் சில பங்குதான். அதற்குள் நுழைய ஆயில் முட்டுகிற முட்டல்தான் பிரஷர். தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயை விரலால் பாதி அடைத்தால் கையில் தெரியுமே, அதே சமாச்சாரம்.

பம்ப் கொடுப்பது ஓட்டத்தை. எதிரே இருக்கும் தடைதான் அதைப் பிரஷராக்குகிறது. ஆயில் கெட்டியாக இருந்தால் தடை அதிகம், முள் ஏறும். சூடாகி நீர்த்தால் இறங்கும். பேரிங் தேய்ந்து சந்து அகன்றாலும் இறங்கும். ஓட்டம் சரியாக இருந்து பிரஷர் குறையலாம். பாதை அடைத்துக்கொண்டு, பேரிங்குக்கு ஆயிலே போகாமல், கேஜ் மட்டும் நன்றாகக் காட்டவும் செய்யலாம்.

நடுவில் ஒரு ரிலீஃப் வால்வு. ஆர்பிஎம் ஏறும்போது பம்ப் தேவைக்கு மேல் தள்ளும். உபரியைச் சம்ப்புக்குத் திருப்பிவிடுவது இதன் வேலை. லைகமிங்கில் பெரும்பாலும் ஒரு எஃகுக் குண்டும் அதை இருக்கையில் அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்ப்ரிங்கும்தான். பிரஷர் ஸ்ப்ரிங்கின் வலுவைத் தாண்டினால் குண்டு எழும்பி வழி விடும். 2,000 ஆர்பிஎம்மிலிருந்து 2,500-க்குப் போனாலும் முள் பெரிதாக அசையாததற்குக் காரணம் இதுதான்.

இதிலிருந்து வரும் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. க்ரூஸில் நீங்கள் பார்க்கும் எண் பெரும்பாலும் அந்த ஸ்ப்ரிங்கின் எண். சூடான ஐடிலில் வால்வு மூடியிருக்கும். அப்போது காட்டுவது பம்ப்பும் பேரிங்கும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதை. ஒரு இன்ஜினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நான் முதலில் கேட்பது இறங்கி வந்து டேக்ஸி செய்யும்போது எவ்வளவு இருந்தது என்றுதான்.

ஸ்டார்ட் செய்து எவ்வளவு நேரத்தில் முள் எழ வேண்டும்?

30 விநாடி. அதற்குள் பிரஷர் தலைகாட்டவில்லை என்றால் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். கடுங்குளிரில் அதைப் போல இரண்டு மடங்கு நேரம் கொடுக்கலாம் என்று செஸ்னாவின் புத்தகங்கள் சொல்கின்றன. சென்னையிலோ சேலத்திலோ அந்தச் சலுகைக்கு வேலை இல்லை. ரோட்டாக்ஸ் 912-க்குக் கெடு இன்னும் குறைவு, 10 விநாடிதான்.

நல்ல இன்ஜினில் சில விநாடிகளிலேயே முள் துள்ளி எழும். ஸ்டார்ட் ஆனதும் ரேடியோ, ஹெட்செட் என்று கை போகும் முன் கண் அங்கே போக வேண்டும். பழைய 172-ல் அது பேனலின் இடது கீழ்ப்பக்கம், சின்னச் சின்ன கேஜ்களில் ஒன்றாக ஒதுங்கிக் கிடக்கும். தேடித்தான் பார்க்க வேண்டும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் 100-ஐத் தொடுகிறது. பயப்பட வேண்டுமா?

ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது ஏறத்தான் செய்யும். லைகமிங் ஓ-360 கையேட்டில் ஸ்டார்ட், வார்ம்-அப், டேக்ஸி, டேக்-ஆஃப் நேரங்களுக்கு 115 வரை அனுமதி உண்டு. ஆர்பிஎம்மை 1,000-க்குப் பக்கத்தில் வைத்துப் பொறுமையாக இருந்தால் தானாக இறங்கும். சூடேறிய பிறகும் மேல்ச் சிவப்பை ஒட்டியே நின்றால்தான் பிரச்சினை: ரிலீஃப் வால்வு சிக்கியிருக்கலாம், தவறாக செட் செய்யப்பட்டிருக்கலாம், அல்லது கேஜே கோளாறாக இருக்கலாம்.

குளிர்ந்த இன்ஜினை முறுக்குவது, குறைந்த பிரஷரில் ஓட்டுவதற்குக் கொஞ்சமும் இளைத்த குற்றமில்லை. கேஜ் 95 காட்டும், ஆனால் கெட்டி ஆயில் போக வேண்டிய இடத்துக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

மே மாத மதியத்தில் இறங்கி டேக்ஸி செய்யும்போது 30-க்கு வந்துவிடுகிறது. பச்சைக்குக் கீழே இருக்கிறதே?

இந்தக் கேள்விதான் மிக அதிகமாக வருகிறது. பச்சைக் கோடு என்பது பறக்கும் ஆர்பிஎம்முக்கான வரம்பு. ஐடிலுக்கு உள்ள வரம்பு கீழ்ச் சிவப்புக் கோடு. 172என்-ல் அது 25, 172எஸ்-ல் 20. இரண்டுக்கும் நடுவில் நிறம் எதுவும் இல்லாமல் ஒரு வெற்றிடம் இருக்கும். சூடான இன்ஜின் 700, 800 ஆர்பிஎம்மில் ஓடும்போது முள் அந்த வெற்றிடத்தில் நிற்பதில் தப்பே இல்லை.

த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டி 1,000-க்குக் கொண்டுபோங்கள். முள் மளமளவென்று ஏறினால் பம்ப் உயிரோடு இருக்கிறது. 1,200-க்குப் போயும் 30-லேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ஏஎம்இ-யை (விமானப் பராமரிப்பு இன்ஜினியரை) கூப்பிட வேண்டியதுதான்.

கூடவே ஆயில் டெம்பரேச்சரையும் பாருங்கள். லைகமிங்கின் உச்ச வரம்பு 245 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 118 செல்சியஸ். க்ரூஸில் 180-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 38, 40 டிகிரி வெயிலில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி சர்க்யூட் அடித்தால் 220-ஐ எட்டுவது அதிசயமில்லை. ஆயில் அந்த அளவு நீர்த்தபின் பிரஷர் 10 பிஎஸ்ஐ இறங்கினால் அது இயற்பியல், கோளாறு அல்ல. ஏறும்போதே டெம்பரேச்சர் மிஞ்சினால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுங்கள், மிக்ஸ்ச்சரை ரிச் செய்யுங்கள் (எரிபொருள் பங்கைக் கூட்டுங்கள்), பவரைக் குறையுங்கள். டெம்பரேச்சர் இறங்கினால் பிரஷர் தானே ஏறும். பிரஷரை மட்டும் தனியாகச் சரிசெய்யப் பைலட்டின் கையில் எந்த லீவரும் கிடையாது.

எப்போதும் 78 காட்டும் இன்ஜின் ஒரு மாதமாக 68, 66 என்கிறது. பச்சைக்குள்தானே இருக்கிறது?

இருக்கிறது, பறக்கலாம். ஆனால் எழுதி வையுங்கள். அதே ஆர்பிஎம், அதே ஆயில் டெம்பரேச்சர், அதே ரக ஆயில் என்றால்தான் இரண்டு எண்களை ஒப்பிட முடியும். பிப்ரவரி காலை எண்ணையும் மே மதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் புலம்பக் கூடாது.

ஒப்பிட்டும் சரிவு உண்மை என்று தெரிந்தால், எங்கே சரிகிறது என்பது பாதி விடையைச் சொல்லிவிடும். க்ரூஸில் மட்டும் குறைந்து ஐடில் பழையபடி இருந்தால், ரிலீஃப் வால்வின் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். க்ரூஸ் சரியாக இருந்து சூடான ஐடில் மட்டும் மாதாமாதம் இறங்கினால் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும்: பேரிங், பம்ப். இரண்டும் ஒரே நாளில் சட்டென்று இறங்கினால் குண்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் கார்பன் துணுக்கோ உலோகத் துணுக்கோ மாட்டி, வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம். கழற்றித் துடைத்துப் போட்டாலே சரியாகிவிடும் கேஸ்கள் உண்டு. ஆனால் அந்தத் துணுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் கவுலிங்கை (இன்ஜின் மூடியை) மூடக் கூடாது.

முள் நடுங்குகிறது.

முதலில் ஆயில் அளவு. சம்ப்பில் ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். மூக்கைத் தாழ்த்தும்போதோ காற்றுக் குலுக்கலிலோ முள் இறங்கி ஏறும். இரண்டாவது, உறிஞ்சும் பக்கத்தில் காற்றுக் கசிவு. மூன்றாவது, மின்சார சென்சார் உள்ள விமானம் என்றால் தளர்ந்த இணைப்பு. ஊசி படபடவென்று பூஜ்யத்துக்கும் 80-க்கும் தாவினால் நான் வயரைத்தான் முதலில் அசைத்துப் பார்ப்பேன். உண்மையான பிரஷருக்கு அவ்வளவு அவசரம் கிடையாது.

ஆயில் நிறைய ஊற்றினால் பிரஷர் கூடுமா?

கூடாது. பம்ப்பின் உறிஞ்சு வாய் மூழ்கியிருந்தால் போதும். 172என்-ல் 4 குவார்ட்டுக்குக் கீழே ஓட்டக் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு உட்பட்ட பறப்புக்கு 5 போதும், நீண்ட பறப்புக்கு 6. 172எஸ்-ல் குறைந்தது 5, வழக்கமாக 7, நீண்ட பறப்புக்கு 8. ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் ஊற்றினால் இன்ஜின் மூச்சு விடும் ப்ரீதர் குழாய் வழியாக வெளியேறி விமானத்தின் வயிற்றைப் பூசிவிட்டுப் போகும்.

பறக்கும்போது முள் பூஜ்யத்துக்குப் போனால்?

முதலில் விமானத்தை ஓட்டுங்கள். பிறகு டெம்பரேச்சர் கேஜைப் பாருங்கள்.

செஸ்னா புத்தகத்தின் கணக்கு இது. பிரஷர் குறைவு, டெம்பரேச்சர் நார்மல் என்றால் கேஜோ ரிலீஃப் வால்வோ கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. பக்கத்தில் இருக்கும் விமான நிலையத்தில் இறங்கிப் பார்ப்பது நல்லது. பிரஷர் சுத்தமாகப் போய், டெம்பரேச்சரும் ஏறினால் இன்ஜின் நிற்கப்போகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உடனே பவரைக் குறைத்து, இறங்க இடம் தேர்ந்தெடுத்து, அங்கே போய்ச் சேரத் தேவையான குறைந்தபட்ச பவரை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. டெம்பரேச்சர் சென்சார் தன்னைக் கடந்து போகும் ஆயிலின் சூட்டைத்தான் அளக்கும். ஆயில் மொத்தமும் கொட்டிப்போய், அந்த இடத்தைக் கடந்து எதுவுமே ஓடவில்லை என்றால், உள்ளே பேரிங் வெந்துகொண்டிருக்க முள் பழைய இடத்திலேயே நிற்கலாம். ஆகவே “டெம்பரேச்சர் ஏறவில்லை, கேஜ்தான் பொய்” என்று தைரியமாக வீடு வரை ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்து ஓடுதளம் 10 மைலில் இருந்தால் அங்கேதான் இறங்க வேண்டும். போகும் வழியிலும் காடு, ஊர், நீர்நிலை இவற்றைத் தவிர்த்து, இன்ஜின் நின்றால் இறங்கக்கூடிய வயல்களின் மேலாகப் போங்கள். உயரத்தை வீணாக்காதீர்கள்.

கண்ணாடியில் ஆயில் தெறிப்பு, எரியும் வாடை, சத்தத்தில் மாற்றம், அதிர்வு: இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் விவாதத்துக்கு இடமில்லை. இறங்கியபின் இன்ஜினை அணைத்துவிடுங்கள். பார்க்கிங் வரை டேக்ஸி செய்து போகிற கௌரவத்துக்காக, பிழைக்க இருந்த க்ராங்க்ஷாஃப்ட்டைக் கெடுக்க வேண்டாம்.

செஸ்னா 182 மாதிரி கான்ஸ்டன்ட்-ஸ்பீட் ப்ரொபெல்லர் உள்ள ஒற்றை இன்ஜின் விமானம் என்றால் இன்னொரு சாட்சியும் உண்டு. அந்த ப்ரொபெல்லரின் பிட்சை (இறக்கைகளின் சாய்வை) கூட்டுவதே இன்ஜின் ஆயில்தான். ஆயில் போனால் பிட்ச் ஃபைன் (குறைந்த சாய்வு) பக்கம் விழும், நீங்கள் எதையும் தொடாமலே ஆர்பிஎம் ஏறும். பிரஷர் முள் விழுந்து, ஆர்பிஎம் எகிறினால் கேஜைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. ஃபெதர் (இறக்கைகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பும்) வசதியுள்ள இரட்டை இன்ஜின் விமானங்களில் நேர் எதிர்: அங்கே ஆயில் போனால் ப்ரொபெல்லர் ஃபெதரை நோக்கிப் போகும்.

ஆயில் திடீரென்று எங்கே போகும்?

பெரும்பாலும் வெளியே. சரியாக உட்காராத ஃபில்டர் கேஸ்கட், பழைய கேஸ்கட் ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேலேயே புதிய ஃபில்டரை மாட்டுவது, வெடித்த கூலர் ஹோஸ், பாதி மூடிய க்விக்-ட்ரெயின் (ஆயில் வடிக்கும் வால்வு). இந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் சர்வீஸ் முடிந்த அடுத்த பறப்பில் வருபவை. அதனால்தான் ஆயில் மாற்றியதும் தரையில் ஓட்டி, அணைத்து, டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்கிறோம்.

பம்ப்பே உடைவது அபூர்வம். ஆனாலும் நடந்திருக்கிறது: லைகமிங் இன்ஜின்கள் சிலவற்றில் இருந்த சின்டர்டு இரும்பு, அலுமினிய இம்பெல்லர்களை (பம்ப் பல்சக்கரங்களை) எடுத்துவிட்டு எஃகு இம்பெல்லர் போடச் சொல்லி, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ, ஏடி 96-09-10 என்ற உத்தரவைப் போட்டது. பழைய இன்ஜின் வாங்குகிறவர்கள் லாக் புக்கில் தேடிப் பார்க்க வேண்டிய வரிகளில் இது ஒன்று.

கேஜ் பொய் சொல்கிறதா என்று எப்படித் தெரியும்?

விமானத்தைப் பொறுத்தது. 172என்-ல் இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஆயிலோடு நேரே பேனலுக்குப் பின்னால் வருகிறது. கேஜுக்குள் இருக்கும் வளைந்த குழல் பிரஷரில் நிமிர முயலும்போது முள் நகர்கிறது. பேட்டரி போனாலும் வேலை செய்யும். அந்தக் குழாய் உடைந்தால் காலடியில் ஆயில் சொட்டும், கேபினில் வாடை வரும், முள் விழும். நல்லவேளையாக இன்ஜின் முனையில் மிகச் சின்னத் துளை மட்டுமே இருப்பதால் சம்ப் சட்டென்று காலியாகாது.

172எஸ்-ல் பிரஷர் அளக்கும் சென்சார் ஒன்று, 20 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் எச்சரிக்கை கொடுக்கும் சுவிட்ச் தனியே ஒன்று. அளவு பூஜ்யம் காட்டி எச்சரிக்கை வரவில்லை என்றால் சென்சார் மேல் சந்தேகப்படலாம். இரண்டும் ஒன்றாகச் சொன்னால் நம்புங்கள். ஸ்டார்ட்டுக்கு முன் மாஸ்டர் சுவிட்சைப் போட்டதும் அந்த எச்சரிக்கை எரிகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். அப்போது எரியாத விளக்கு, ஆகாயத்திலும் எரியாது.

தரையில் என்றால் வேலை சுலபம். சரிபார்க்கப்பட்ட இன்னொரு கேஜை மாட்டி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் எந்த ஏஎம்இ-யும் முதலில் செய்வது இதைத்தான்.

ரிலீஃப் வால்வைக் கொஞ்சம் இறுக்கினால் பிரஷர் ஏறிவிடுமாமே?

ஏறும். ஸ்க்ரூவைத் திருகியோ, ஸ்ப்ரிங்குக்கும் மூடிக்கும் நடுவில் வாஷர் சேர்த்தோ ஏற்றலாம், மாடலைப் பொறுத்தது. ஓவர்ஹால் முடிந்து வந்த இன்ஜினை நடு வரம்புக்குக் கொண்டுவர அதற்கென்றே வைத்த வசதி. ஆனால் பிரஷர் ஏன் இறங்கியது என்று தெரியாமல் இறுக்குவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைத் திருத்துகிற வேலை. அதுவும் க்ரூஸ் எண்ணைத்தான் ஏற்றும். தேய்ந்த பேரிங்கின் சூடான ஐடில் அப்படியேதான் இருக்கும். லைசென்ஸ் உள்ள ஏஎம்இ செய்து, லாகில் எழுத வேண்டிய வேலை இது.

எந்த ஆயில் போடலாம்? கார் ஆயில்?

லைகமிங்கிலும் கான்டினென்டலிலும் கார் ஆயில் கூடவே கூடாது. அதில் இருக்கும் உலோகச் சேர்க்கைகள் எரிந்து சாம்பலாகி, சிலிண்டருக்குள் படிந்து, தப்பான நேரத்தில் தீப்பற்ற வைக்கும். விமான ஆயிலை ஆஷ்லெஸ் டிஸ்பர்சன்ட் என்று சொல்வதே இதனால்தான்.

விமான ஆயிலில் எழுதியிருக்கும் கிரேடு 100 என்பது எஸ்ஏஇ 50. கிரேடு 80 என்பது எஸ்ஏஇ 40. கிரேடு 80 ஊற்றிய இன்ஜின் நம் ஊர்க் கோடையில் பிரஷர் குறைவாகக் காட்டினால் இன்ஜினைத் திட்டாதீர்கள். லைகமிங்கின் அட்டவணைப்படி 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் எஸ்ஏஇ 40 அல்லது 50, 80-க்கு மேல் எஸ்ஏஇ 60 கூட உண்டு. 15டபிள்யூ-50, 20டபிள்யூ-50 மல்டிகிரேடு எல்லா வெப்பநிலைக்கும் ஆகும். நம் ஊரில் 80 ஃபாரன்ஹீட் என்பது, அதாவது 27 செல்சியஸ், பல இடங்களில் விடிகாலை வெப்பம்.

172என்-ல் இருக்கும் ஓ-320-எச்2ஏடி தனி ரகம். கேம், டேப்பெட் தேய்மானத்துக்குப் பேர்போனது. அதற்கென்று லைகமிங் சொல்லும் ஆடிட்டிவ், அல்லது அது ஏற்கெனவே கலந்த ஆயில், கட்டாயம். அந்தத் தேய்மானம் பிரஷர் கேஜில் தெரியாது என்பதுதான் கொடுமை. கேம் கரைந்துகொண்டே இருக்க முள் 75-ல் ஜம்மென்று நிற்கும். ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, காந்தம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஃபுல்-ஃப்ளோ ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை, வெறும் ஸ்க்ரீன் என்றால் 25-க்கு ஒரு முறை, பறக்காமல் நின்றாலும் நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள்.

ரோட்டாக்ஸ் மட்டும் விதிவிலக்கு. அதில் கியர்பாக்ஸும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. அதனால் கியர் சேர்க்கை உள்ள மோட்டார்சைக்கிள் ரக ஆயிலைக் கேட்கும். ஆயில் தனித் தொட்டியில் இருக்கும் ட்ரை சம்ப் அமைப்பு என்பதால், இக்னிஷன் ஆஃப் என்று உறுதி செய்துகொண்டு, ப்ரொபெல்லரை அதன் சுற்றுத் திசையிலேயே கையால் சுற்றி, தொட்டியில் ‘களக்’ என்று காற்று வரும் சத்தம் கேட்ட பிறகுதான் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். டேக்-ஆஃபுக்கு முன் ஆயில் 50 செல்சியஸையாவது தொட்டிருக்க வேண்டும்.

பல மாதம் நின்ற விமானம். ஸ்டார்ட் செய்தால் பிரஷர் வரவில்லை.

பம்ப் காய்ந்திருக்கும்; உறிஞ்ச ஆயில் பிடிபடவில்லை. ஓவர்ஹால் முடிந்து வந்த இன்ஜினிலும், கூலரைக் கழற்றி மாட்டியபின்னும் இதே கதைதான். மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து “வந்துவிடும்” என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் கம்ப்ரெஷன் இருக்காது, பேரிங்குக்குப் பளு குறையும். அப்படியே ஸ்டார்ட்டரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, கேஜில் பிரஷர் தெரிந்தபின் ப்ளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்வதுதான் முறை. ஸ்டார்ட்டர் சூடாகாமல் நடுவில் ஓய்வு கொடுக்க வேண்டும். இது ஏஎம்இ-யின் வேலை, மாணவருடையது அல்ல.

டெக் லாகில் (விமானத்தின் பதிவேட்டில்) ஸ்னாக், அதாவது கோளாறு, எப்படி எழுதுவது?

“ஆயில் பிரஷர் லோ” என்று மூன்று வார்த்தை எழுதிவிட்டுப் போகிறவர்களால் ஒரு முழு நாள் வீணாகும். எந்த ஆர்பிஎம், ஆயில் டெம்பரேச்சர் எவ்வளவு, வெளியே எவ்வளவு வெயில், ஏறும்போதா க்ரூஸிலா ஐடிலிலா, சட்டென்றா மெதுவாகவா, புறப்படும் முன் டிப்ஸ்டிக் என்ன காட்டியது, இறங்கிய பின் என்ன காட்டியது: இவ்வளவும் வேண்டும். உதாரணத்துக்கு: “க்ரூஸ் 2,400 ஆர்பிஎம், ஆயில் டெம்பரேச்சர் 200 ஃபாரன்ஹீட், பிரஷர் 62, வழக்கம் 76. இறங்கியபின் ஐடில் 800-ல் 34, வழக்கம் போல. வெளி வெப்பம் 36 செல்சியஸ். ஆயில் புறப்படும் முன் 5½ குவார்ட், பின் 5½.” இதைப் படிக்கும் ஏஎம்இ நேராக ரிலீஃப் வால்வுக்குப் போவார்.